தேடினால் கிடைக்காத கையேடு

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் துவாஸில் ஒரு இயந்திர நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். தமிழ்க் கையேட்டை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்து பிடிஎஃப் ஆக்குகிறோம். ஊழியர்கள் கைபேசியில் ‘கொக்கி’ என்று தேடினால் ஒன்றும் வருவதில்லை. சொல்லோ கண்ணெதிரே பக்கத்தில் இருக்கிறது. இளைய சகாக்கள் மார்க்டவுனுக்கு (எளிய குறிகளோடு வெறும் உரையாக எழுதும் முறை) மாறச் சொல்கிறார்கள். மாறினால் தீருமா? மொழிபெயர்ப்பை ஏஐயிடம் விடலாமா?

ச.

அன்புள்ள ச.,

மாறுங்கள். ஆனால் மாறிய மறுநாளே கொக்கி அகப்பட்டுவிடாது. கோளாறு எழுத்துக்குள்ளேயே இருக்கிறது.

‘கொ’வைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘க’வும் ஒற்றைக் குறியீடாக ‘ொ’வும், அல்லது க, கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறியீடுகள். திரையில் வேறுபாடு தெரியாது. குறியீட்டை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு சொற்கள். கோப்புகள் முழுவதையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ‘ொ’ ஒற்றைக் குறியீடாகவே இருக்கும் வடிவத்துக்கு, கொண்டுவந்தால் இது தீரும். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை. துணைக்காலுக்கு ‘ர’வும் ‘கௌ’வில் ‘ள’வும் போட்டுத் தட்டியவை மட்டும் அதில் திருந்தாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறிய குழப்பத்தைப் பேசித் தீர்க்க சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது 1997இல். அந்தக் காலத்துக் கோப்பு ஏதும் உங்களிடம் இருந்தால் முதலில் யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியீட்டுக்கு மாற்றுங்கள்.

பிடிஎஃப் விஷயம் வேறு. அது எழுத்தின் வடிவங்களை அச்சில் விழும் வரிசையில் அடுக்குகிறது: கொம்பு முன்னே, ‘க’ பின்னே. வடிவத்துக்கும் யூனிகோடுக்குமான இணைப்பு சரியாக எழுதப்படாவிட்டால் தேடல் சிதறும். அந்த வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். இன்டிசைனில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பே இடம் மாறி நிற்கும்; அது பார்த்ததும் தெரிகிற பிழை, அந்த மட்டில் தேவலை. கைபேசிக்கு எச்டிஎம்எல், அதாவது இணையப் பக்கமாகக் கொடுங்கள். பிடிஎஃப் அச்சுக்கு இருக்கட்டும்.

மார்க்டவுனை எம்கேடாக்ஸ் என்ற நிரலில் இணையப் பக்கமாக்கினால் இன்னொரு பள்ளம். தேடல் மொழி ஆங்கிலம் மட்டும் என்றிருந்தால், உள்ளே இருக்கும் லூனர் என்ற தேடல் நிரல் சொல்லின் இரு ஓரத்திலும் ‘எழுத்தல்லாதவற்றை’ச் சீவும். ரோமன் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் அதன் கணக்கில் எழுத்து. தமிழ்ச் சொல் முழுசாகச் சீவப்பட்டுக் காணாமல் போகும்! மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தோடு தமிழையும் சேருங்கள்.

பக்க முகவரியில் தமிழ் வேண்டாம். ‘கையேடு’ ஆறு குறியீடு. பகிரும்போது ஒவ்வொன்றும் % குறிகளும் ரோமன் எழுத்து, எண்களுமாக மாறி 9 இடம் பிடித்து 54 ஆகும். வாட்ஸ்அப்பில் அனுமார் வால்தான்.

ஏஐயிடம் முதல் படியை விடலாம், கலைச்சொல் பட்டியலைக் கையில் கொடுத்த பிறகு. இல்லாவிட்டால் மின்சாரப் பகுதியில் வரும் ‘கிரவுண்ட்’ தரையாகிவிடக்கூடும். வேலையிடத்தில் அதற்கு ‘எர்த்து’ என்றுதான் பேர். பொத்தானில் எழுதியிருப்பதை மொழிபெயர்க்கவே கூடாது, ஊழியர் அந்தச் சொல்லைத்தான் இயந்திரத்தில் தேடுவார். பட்டியலுக்குப் புறம்பான சொல்லைச் சுட்ட ‘வேல்’ என்றொரு நிரல் உண்டு (முருகனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). எச்சரிக்கை வரிகளை மட்டும் எந்த நிரலிடமும் விடாதீர்கள். ‘தொடாதீர்’ ‘தொடுவீர்’ ஆவதற்கு இரண்டெழுத்து போதும். தமிழ் படிக்கும் சூப்பர்வைசர் ஒருவரை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு வெளியிடுங்கள்.