தேறாதவர்களா?

கேள்வி: டென்னிஸில் இரண்டாம் அடுக்கான சேலஞ்சர் போட்டிகளில் ஆண்கள் இரட்டையர் பிரிவு எதற்கு? ஒற்றையரில் தேறாதவர்கள்தானே ஆடுகிறார்கள்? அதை நிறுத்திவிட்டு, அந்தச் சொற்பப் பரிசுப் பணத்தை ஒற்றையர் வீரர்களுக்கே தரலாமே?

பதில்: கூடவே கூடாது. 'தேறாதவர்கள்' என்ற சொல்லையும் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஹென்றி பேட்டன் என்ற பிரிட்டிஷ்காரர் ஒரு காலத்தில் விம்பிள்டனில் ஆட்டங்களுக்குப் புள்ளிவிவரம் குறிக்கும் வேலை பார்த்தவர். 2022-இல் அவரும் ஜூலியன் கேஷும் ஜோடி சேர்ந்து ஒரே ஆண்டில் 10 சேலஞ்சர் பட்டங்களை வென்றார்கள். 2024-இல் பேட்டன், பின்லாந்தின் ஹாரி ஹெலியோவாராவுடன் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தையே தூக்கினார். இறுதி ஆட்டத்தில் தோல்வியின் விளிம்பில் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டுகளை, அதாவது இழந்தால் பட்டமே போய்விடும் புள்ளிகளை, சமாளித்துத்தான். மறு ஆண்டு கேஷின் முறை. லாயிட் கிளாஸ்பூலுடன் அவர் வென்றபோது, 1936-க்குப் பிறகு அங்கே பட்டம் வென்ற முதல் முழு பிரிட்டிஷ் ஆண்கள் ஜோடி அது. இருவரும் தொழில் பழகிய இடத்தைத்தான் நீங்கள் மூடச் சொல்கிறீர்கள்.

ஆம், இரட்டையர் ஆட்டம் தனித் தொழில். சர்வீஸ் போடுபவருக்கு முதுகைக் காட்டி வலையருகே நிற்கிறாரே கூட்டாளி, அவர் முதுகுக்குப் பின்னால் விரல்களால் காட்டும் சைகையைக் கவனித்திருக்கிறீர்களா? குறுக்கே பாயப்போகிறேன், அல்லது இங்கேயே நிற்கப்போகிறேன் என்று அது சொல்கிறது. ஒரு நொடி முந்திப் பாய்ந்தால் அவர் விட்டுவந்த கோட்டோரத்தில் பந்து பறந்துவிடும், பிந்தினால் எட்டாது. போதாததற்கு, 40-40 ஆனால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். அந்தப் புள்ளிக்கான சர்வீஸை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்று எதிரணிதான் தீர்மானிக்கும். ஆளுக்கொரு செட் என்றால் மூன்றாவது செட்டே கிடையாது, 10 புள்ளி டை-பிரேக். அசந்து மீள அவகாசமே இல்லை. பயிற்சியில் ஆயிரம் வாலி (பந்து தரையில் படுமுன் அடிக்கும் அடி) அடித்தாலும் இந்த நெருக்கடி பழகாது. வாராவாரம் ஆடி, தோற்று, மறுபடி ஆடித்தான் கைவரும்.

பரிசு சொற்பம் என்றீர்கள், அது உண்மை. ஜோடிக்குக் கிடைப்பதை இருவரும் பங்குபோட வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்கு அது விமானச் சீட்டுக்கே போதாமல் போகலாம். அந்தத் தொகையைக் கூட்டித் தரச் சொல்லி எழுதுங்கள், முதல் கடிதமாகவே பிரசுரிக்கிறேன்.