கசிவது வயிற்றோட்டம் அல்ல: பிள்ளைகளின் மலச்சிக்கல் பற்றிய கேள்விகள்

ஏழு வயது மகன் தினமும் ஜங்கியில் போய்விடுகிறான். அடித்தும் பார்த்தாயிற்று. வயிற்றோட்ட மருந்தும் கொடுத்தோம். (உப்புவெளி)

இரண்டையும் முதலில் நிறுத்துங்கள். நாள்கணக்கில் அடக்கிய மலம் இறுகிக் கட்டியாகி, மலக்குடலை விரித்துவிடும். விரிந்த குடலில் முட்டுகிற உணர்வு மழுங்கிப்போகும். மேலிருந்து வரும் இளகிய மலம் கட்டியைச் சுற்றிக் கசியும். பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. வேண்டுமென்று செய்கிறான் என்று நினைப்பதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய அநியாயம்.

வைத்தியர் வயிற்றைத் தொட்டாலே பெரும்பாலும் பிடிபடும். கட்டியை வெளியேற்ற, மலத்தை இளக்கும் மருந்தான பொலிஎதிலீன் கிளைக்கோல் தூளை, நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.5 கிராம் வீதம், 3 முதல் 6 நாட்கள் தருவார்கள். அளவை வைத்தியரே சொல்லட்டும். அந்த நாட்களில் கசிவு கூடும், பயப்படாதீர்கள். பாடசாலை விடுமுறையில் தொடங்குவது புத்தி.

மருந்தில் சரியானது. நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. தொடர்ந்தால் பழகிவிடாதா? (மூதூர்)

பழகாது. மேலே சொன்ன தூளும், லக்டுலோஸ் என்ற மலமிளக்கிப் பாணியும் மலத்தில் நீரைத் தக்கவைப்பவை, அவ்வளவுதான். அவசரமாக நிறுத்தியதுதான் வினை. குடல் பழைய நிலைக்கு வர மாதங்கள் எடுக்கும். குறைந்தது 2 மாதம் கொடுத்து, தொல்லை நின்று ஒரு மாதமாவது போனபின் மெல்லக் குறைக்க வேண்டும்.

பாடசாலைக் கக்கூசுக்குப் போகவே மாட்டேன் என்கிறாள். (நிலாவெளி)

அதன் நாற்றத்துக்கு அவளைக் குறை சொல்ல முடியாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். வீட்டில், சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் இருத்துங்கள். கொமோட் என்றால் காலுக்கு ஒரு பலகை வையுங்கள். போனாலும் போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள்.

பப்பாசி, கீரை, குரக்கன் போதாதா? (கிண்ணியா)

கொடுங்கள். திருகோணமலை வெயிலுக்குத் தண்ணீரும் தாராளமாக வேண்டும். ஆனால் இறுகிய கட்டியை இவை நகர்த்தா. நாள் முழுக்கப் பால்மாவிலேயே வயிறு நிரப்பும் பிள்ளைக்கு அதைக் குறையுங்கள்.

இரண்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும். ஐந்து நாளாகப் போகவில்லை. வெற்றிலைக் காம்பு வைக்கலாமா?

வேண்டாம், புண்ணாகும். நன்றாகக் குடித்து, எடை கூடி, இளக்கமாகப் போகிற பிள்ளை ஒரு வாரம் போகாமல் இருப்பதும் சாதாரணம். பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் முதல் மலம் போகாதிருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயிறு ஊதினால் அல்லது பச்சையாக வாந்தியெடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.