திரையில் வந்த இரத்தக் காட்டேரிகளில் மிகவும் கவர்ச்சியானவர் யார், ஏன்?

என் வாக்கு பிரிட்டிஷ் நடிகர் கிறிஸ்டோபர் லீக்குத்தான். 1922-ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தின் காட்டேரி மொட்டைத் தலையும் எலிப் பல்லுமாக அருவருப்பையே தந்தது. 1931-ல் வந்த 'டிராகுலா' படத்தில் பெலா லுகோசி கோரைப் பற்களைக் காட்டாமலேயே, நிறுத்தி நிறுத்திப் பேசும் ஹங்கேரிய உச்சரிப்பால் மயக்கினார். 1958-ல் மீண்டும் எடுத்த படத்தில் 'டிராகுலா'வாக லீ செய்தது வேறு. ஆறடியைத் தாண்டிய உயரம், தொடக்கத்தில் பண்பான வரவேற்பு, பிறகு படம் முடியும்வரை ஒரு வார்த்தை கிடையாது! பேசாத ஆளுக்கு நம் கற்பனையே வசனம் எழுதிவிடுகிறது. 1983-ல் 'தி ஹங்கர்' படத்தில் காட்டேரியாக வரும் காத்ரின் தெனவும் அமைதியான தோரணையால்தான் ஈர்க்கிறார். வெயிலில் மினுமினுக்கும் 'டுவைலைட்' எட்வர்டு (2008) பலருக்குப் பிடித்தவர். கடிக்கத் தயங்கிக்கொண்டே இருப்பவரிடம் எனக்குப் பயமும் வரவில்லை, மயக்கமும் வரவில்லை.