பத்தாம் நாளும் பதினேழாம் நாளும்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில் கருத்தடை மாத்திரையையே தடை செய்துவிடுவார்கள் என்று ஆபீஸில் ஒரே பேச்சு. மதம் 'கூடாது' என்று சொல்வதைச் சட்டமும் 'கூடாது' என்று சொல்லலாமா? இங்கும் அப்படி வருமா? நாங்கள் கத்தோலிக்கர்கள், தூத்துக்குடிப் பக்கம். காப்பர்-டி போடுவது கருக்கலைப்புக்குச் சமம் என்று எங்கள் ஜெபக்கூட்டத்தில் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு 10-ஆம் நாளிலிருந்து 17-ஆம் நாள் வரை விலகியிருந்து சமாளிக்கிறோம். எட்டு மாதமாக நோட்டில் தேதி குறித்து வருகிறேன். மாதவிலக்கு 25 நாளில் வந்ததும் உண்டு, ஒரு மாதம் 33 நாள் ஆனது. வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட் வேறு. சட்டம் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1879-இல் வந்த சட்டம், கருத்தடைச் சாதனத்தைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது. கணவன் மனைவியானாலும் விதிவிலக்கு இல்லை. 50 டாலருக்குக் குறையாத அபராதம், அல்லது 60 நாள் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 1961-இல் நியூ ஹேவனில் கிளினிக் திறந்த எஸ்டெல் கிரிஸ்வால்டுக்கும் டாக்டர் பக்ஸ்டனுக்கும் ஆளுக்கு 100 டாலர் அபராதம் விழுந்தது. 1965-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. மணமாகாதவர்களுக்கும் அந்த உரிமை 1972-இல் வந்தது. 2022-இல் கருக்கலைப்பு உரிமையை அதே நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பு வெளியானபோது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், கிரிஸ்வால்ட் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தனியாக எழுதினார். உங்கள் ஆபீஸ் பேச்சுக்கு விதை அதுதான். அந்தப் பழைய சட்டங்களைக் கொண்டுவந்தவர்கள் புராட்டஸ்டண்டுகள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பிற்காலத்தில் அவற்றைக் கட்டிக் காத்தவர்கள்தான் கத்தோலிக்க ஆயர்கள்.

இங்கே கதை தலைகீழ். 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு இது. 1976-இல் ஆள் பிடித்து ஆபரேஷன் செய்த நாடும் இதுதான். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு நாட்டில் டாக்டர் சீட்டு தேவையில்லை. தமிழ்நாட்டு மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 'ஸ்டாக் இல்லை' என்பார்கள். தடை என்று எந்த உத்தரவும் கிடையாது.

காப்பர்-டி விஷயமும் இரண்டு வரிதான். செம்பிலிருந்து கசியும் அயனி விந்தணுவை முடக்குகிறது. முட்டையைச் சேர்வதற்கு முன்பே அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். கலைக்க அங்கே கரு ஏது? 2014-இல் ஹாபி லாபி என்ற கம்பெனி, ஊழியர் காப்பீட்டில் வரும் 20 கருத்தடை முறைகளில் நான்கை மட்டும் 'கருக்கலைப்பு' என்று மறுத்து, 5-4 என்ற கணக்கில் வென்றது. அந்த நம்பிக்கை மருத்துவப்படி சரியா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்றார்கள் நீதிபதிகள். ஜெபக்கூட்டத்துக்காரர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது அந்தப் பத்தும் பதினேழும். அம்மா தாயே, யார் சொன்ன கணக்கு இது? 28 நாள் தவறாமல் வருகிற, பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கிற பெண்ணுக்குப் போட்ட கணக்கை வாங்கி உங்கள் உடம்பில் ஒட்டியிருக்கிறீர்கள். நோட்டில் 25-ம் இருக்கிறது, 33-ம் இருக்கிறது. எட்டு மாதம் எழுதியவர் ஒருநாளாவது கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

மாதவிலக்கு தொடங்கும் நாள்தான் 1. கசிவு நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. அதிலிருந்து அடுத்த விலக்குக்கு முந்தைய நாள் வரை ஒரு சுற்று. மிகக் குறுகிய சுற்றிலிருந்து 18-ஐக் கழியுங்கள். 25-இல் 18 போனால் 7. மிக நீண்ட சுற்றிலிருந்து 11-ஐக் கழியுங்கள். 33-இல் 11 போனால் 22. ஆக நீங்கள் விலகியிருக்க வேண்டியது 7 முதல் 22 வரை, பதினாறு நாள். நீங்கள் விலகியிருப்பதோ எட்டு நாள். இத்தனை மாதம் தப்பியது அதிர்ஷ்டம்.

ஏன் 18, ஏன் 11? முட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை ஏறக்குறைய 14 நாள். இந்தப் பின்பாதி அதிகம் மாறாது. முன்பாதிதான் இழுக்கும், சுருங்கும். ஆகவே முட்டை வருவது அடுத்த விலக்குக்கு 16 முதல் 12 நாள் முன்பு என்று வைத்தார்கள். விந்தணுவின் ஆயுளுக்கு முன்னால் இரண்டு நாள், முட்டையின் ஆயுளுக்குப் பின்னால் ஒரு நாள். இதை 1920-களில் ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாவுஸும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இதிலும் ஓட்டை உண்டு. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும் என்பது இப்போது தெரியும். உங்கள் 25 நாள் மாதத்தில் 11-ஆம் நாள் முட்டை வந்தால், 6-ஆம் நாளே ஆபத்துதான். அதைச் சூத்திரம் பிடிக்கவில்லை.

நாள் எண்ணுவதற்கென்றே ஒரு மணிமாலை உண்டு. ஜெசூட் சபையின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் உருவானது. 32 மணி. ஒரு சிவப்பு, பிறகு ஆறு பழுப்பு, பன்னிரண்டு வெள்ளை, மீண்டும் பதின்மூன்று பழுப்பு. தினம் ஒரு ரப்பர் வளையத்தை ஒரு மணி நகர்த்த வேண்டும். வெள்ளையில் நிற்கும் நாட்கள், அதாவது 8 முதல் 19 வரை, கூடாது. கையில் எடுத்தால் ஜெபமாலை போலவே இருக்கும். ஆனால் சுற்று 26-க்கும் 32-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் இரண்டு பக்கமும் வெளியே நிற்கிறீர்கள். பொருந்துகிறவர்களிலேயே, ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஆண்டுக்கு நூற்றில் ஐந்து பேர், வழக்கமான புழக்கத்தில் பன்னிரண்டு பேர் கருவுறுகிறார்கள். காப்பர்-டியில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

காய்ச்சல்மானி வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். காலையில் எழுந்து உட்காரும் முன், ஒரே நேரத்தில், இரண்டு தசமம் காட்டும் மானியால் பார்க்க வேண்டும். முட்டை வந்தபின் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும். முந்தைய ஆறு நாளையும்விட உயர்ந்து மூன்று நாள் நின்றால் தான் நம்பலாம். வாரம் விட்டு வாரம் இரவில் விழித்துப் பகலில் தூங்கும் உங்களுக்கு எது 'காலை'? கருப்பை வாயில் சுரக்கும் சளியின் தன்மையைக் கவனிக்கும் பில்லிங்ஸ் முறை ஷிஃப்டால் கெடாது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக இழுபடும் கடைசி நாளுக்குப் பின் மூன்று நாள் விட்டு, நான்காம் நாளிலிருந்து பாதுகாப்பு. இதை நேரில் கற்றுக்கொள்ள வேண்டும், நான் எழுதிப் புரியவைக்க முடியாது. தொற்று இருந்தால் அதுவும் குழப்பும்.

எனக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை. நாள் எண்ணுவது ஒன்றே வழி என்று சொல்கிறவர்கள், திருமணத் தயாரிப்பு வகுப்பில் இந்தக் கழித்தலைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டாமா? திருச்சபை கதவைத் திறந்த இடமே இதுதான். 1930-இன் கடைசி நாளில் போப் பதினொன்றாம் பயஸ் செயற்கைக் கருத்தடையை முற்றாக மறுத்துச் சுற்றுமடல் விட்டார். 1951 அக்டோபரில் பன்னிரண்டாம் பயஸ் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசும்போது, தக்க காரணம் இருந்தால் வளமற்ற நாட்களை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். இப்போது பிள்ளை வேண்டாம் என்று நினைப்பதே பாவமில்லை என்று அன்றைக்கே ஆகிவிட்டது. அப்புறம் நடப்பதெல்லாம் வழியைப் பற்றிய சண்டை. நாள் எண்ணும்போது உறவை அதன் இயல்பில் விட்டுவிடுகிறோம் என்பது அவர்கள் வாதம். அதில் தர்க்கம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தர்க்கத்தை ஏற்று நடக்கிற பெண்ணுக்குக் கழித்தல் கணக்குகூடக் கிடைக்கவில்லையே!

பாஸ்டனில் ஜான் ராக் என்ற கத்தோலிக்க மருத்துவர் 1936-இல் நாள் எண்ணக் கற்றுத்தரும் கிளினிக் நடத்தினார். பின்னாளில் கருத்தடை மாத்திரையைச் சோதித்ததில் முக்கியமானவரும் அவரே. மாத்திரை அந்த 'பாதுகாப்பான நாட்களை' நீட்டிப்பதுதானே, திருச்சபை ஏற்கும் என்று கடைசிவரை வாதாடினார். கருத்தடை பற்றி ரோமில் போப் அமைத்த ஆய்வுக்குழுவுக்கு அமெரிக்காவின் குரோலி தம்பதி, பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதிகள் நாள் எண்ணிப் பட்ட பாட்டைக் கடிதங்களாகத் திரட்டிக் கொண்டுபோனார்கள். 1966-இல் குழுவின் பெரும்பான்மை மாற்றத்துக்குச் சம்மதித்தது. 1968-இல் ஆறாம் பவுல் 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலில் மறுத்துவிட்டார். குரோலி தம்பதி திரட்டிய கடிதக் கட்டுக்குள் உங்கள் கடிதத்தைச் செருகினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இன்றிலிருந்து 7 முதல் 22. கணவரிடம் நோட்டைக் கொடுத்து அவரையும் கழிக்கச் சொல்லுங்கள். பதினாறு நாள் என்று அவர் வாயால் வரட்டும். முடியாது என்றால் அரசு ஆஸ்பத்திரியில் காப்பர்-டி இலவசம். 380ஏ வகை பத்து ஆண்டு தாங்கும். பாவமா இல்லையா என்பதை நீங்களும் அவரும் தீர்மானியுங்கள், நான் அதில் வரமாட்டேன்.

அந்த 33 நாள் மாதத்தில் காய்ச்சல் வந்ததா, பால் மறக்கடித்தீர்களா என்று நோட்டைப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா