விரலால் தொட்டால் மட்டும் ஓடும் எஞ்சின்

கேள்வி: எச்ஓ அளவில், அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவில், ஒரு மாடல் ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேன். தண்டவாளத்துக்குப் போகும் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் சாதாரண டிசி கன்ட்ரோலர், மூன்று எஞ்சின்கள். வேலைப்பளுவில் நாலைந்து மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது ஓட்டினால் எஞ்சின் திக்கித் திக்கிப் போகிறது, நின்றுவிட்டால் விரலால் லேசாகத் தொட வேண்டியிருக்கிறது. பெட்டிகளைத் தள்ளி இழுத்து அடுக்கும் சின்ன ஷன்டிங் எஞ்சின், தண்டவாளம் ரெண்டாகப் பிரியும் பாயிண்ட் வந்தாலே நிற்கிறது. கன்ட்ரோலருக்கு எதிர் மூலையில் மூன்றுமே வேகம் குறைந்து ஊர்கின்றன. உப்புத்தாள் போட்டுத் தண்டவாளத்தைத் தேய்த்தேன், ரெண்டு நாள் அருமையாக ஓடியது, மூன்றாம் நாள் பழைய கதை. கன்ட்ரோலரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். தலைவலிக்குத் தலையணையை மாற்றின கதையாகிவிடும். ஒரே கோளாறு என்று நினைத்து நீங்கள் எழுதியிருப்பது உண்மையில் மூன்று கோளாறுகள். திக்குவது ஒன்று, பாயிண்ட்டில் நிற்பது இன்னொன்று, எதிர் மூலையில் சோர்ந்து போவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. உப்புத்தாள் நீங்களாக வரவழைத்துக்கொண்ட நாலாவது, அதற்கும் வருகிறேன்.

எதையும் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு பென்சிலும் சின்னச் சின்ன காகிதத் துண்டுகளும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று எஞ்சின்களையும் ஒவ்வொன்றாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள், நின்ற இடத்தில் எல்லாம் ஒரு துண்டில் எஞ்சின் பெயரை எழுதித் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சுற்று முடிந்ததும் தள்ளி நின்று பாருங்கள். ஒரே இடத்தில் மூன்று துண்டு கிடந்தால் குற்றவாளி தண்டவாளம். ஒரு எஞ்சினின் துண்டுகள் மட்டும் லேஅவுட் முழுக்க இறைந்து கிடந்தால் அந்த எஞ்சின். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் தேய்க்கிறவர்கள்தான் அதிகம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை ஒரு வளைவில் எல்லா எஞ்சினும் நிற்க, ஒயரை மாற்றி, தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் ஜாயினரை மாற்றி, ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. கடைசியில் நகத்தால் தண்டவாளத்தை வருடிப் பார்த்தபோது ஓரிடத்தில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. ஜல்லி ஒட்டும்போது சிந்திய பிவிஏ என்ற வெள்ளைப் பசை, காய்ந்து கண்ணாடி மாதிரி படலமாக உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவே இல்லை. நகத்தாலேயே உரித்துப் போட்டேன்.

சரி, முதலில் திக்கல்.

கன்ட்ரோலரில் இருந்து மோட்டார் வரை கரண்ட் போகிற பாதையை நினைத்துப் பாருங்கள். ஒயர், தண்டவாளம், ஜாயினர், அடுத்த தண்டவாளம், சக்கரத்தின் விளிம்பு, சக்கரத்தின் முதுகில் உரசுகிற மெல்லிய பித்தளைத் தகடு, அப்புறம்தான் மோட்டார். திரும்பி வருவதும் இன்னொரு பக்கம் இதே வழிதான். இதில் சக்கரமும் தண்டவாளமும் தொடுகிற இடம் ஊசிமுனை அளவுகூட இருக்காது. அங்கே ஒரு தூசி வந்தால் தொடர்பு அறுந்து மின்பொறி பறக்கும், பொறி பறந்தால் உலோகம் கருகி அந்த இடத்தில் கறுப்பாகப் படியும், படிந்த கறுப்பு அடுத்த பொறிக்கு வழி செய்யும். நீங்கள் விரலால் தொட்டதும் ஓடுவதற்குக் காரணம் இதுதான், உங்கள் விரலின் எடை சக்கரத்தை அந்தப் படலத்துக்குள் அழுத்திவிடுகிறது. மோட்டாரில் கோளாறு என்றால் லேசாகத் தொட்டால் பெரும்பாலும் சரியாகாது. இன்னொன்று, டிசியில் மெதுவாக ஓட்டும்போது தண்டவாளத்தில் மூன்று, நான்கு வோல்ட்தான் இருக்கும், அதனால்தான் முழு வேகத்தில் பறக்கிற எஞ்சின் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது மட்டும் மானத்தை வாங்குகிறது. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சக்கரத்துக்கு அடியில் நீலமாகப் பளிச் பளிச் என்று மின்னும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மின்னுகிற இடமெல்லாம் அழுக்கு.

தண்டவாளத்தைத் துடைக்க நூல் உதிராத பருத்தித் துணியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும், 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். கரண்டை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, துணியை விரலில் சுற்றி ஈரமாக்கி ஒரே திசையில் இழுங்கள், கறுத்த பகுதியை மாற்றி மாற்றி மடியுங்கள். கறுத்த துணியாலேயே மேலும் இழுத்தால் அழுக்கை வழி நெடுகப் பூசிவிடுவீர்கள், அவ்வளவுதான் நடக்கும். நான் ஆல்கஹாலால் துடைத்த பிறகு கடைசியாக ஒரு தடவை ஒயிட் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன், கறுப்பு திரும்பி வர நாள் பிடிப்பதாக என் அனுபவம். பெயின்ட் தின்னர், அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் இளகிப் போகும். எது போட்டாலும் ஆவி முழுக்கப் போகும் வரை கன்ட்ரோலரைத் தொடக்கூடாது. இப்போதுதான் மின்பொறி பற்றிச் சொன்னேன், இந்தத் திரவங்களோ எளிதில் தீப்பிடிப்பவை.

இந்த இடத்தில் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். தண்டவாளத்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டு, அழுக்குச் சக்கரங்களை அதன் மேல் உருட்டுகிறார்கள். பத்தே சுற்றில் பழைய நிலை. எஞ்சின் சக்கரத்துக்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது, செய்து பார்த்தால் விடமாட்டீர்கள். ஒரு டிஷ்யூ பேப்பரைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு நாலு சொட்டு ஆல்கஹால் விடுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம், ஈரமாக இருந்தால் போதும்; ஆவி போகும் வரை கன்ட்ரோலரைத் தொடக்கூடாது என்றதற்கு இந்த நாலு சொட்டு மட்டும்தான் விதிவிலக்கு, ஜன்னல் திறந்தே இருக்கட்டும். எஞ்சினின் ஒரு போகியை, அதாவது அடியில் உள்ள ஒரு சக்கரத் தொகுதியை, அந்தப் பேப்பர் மேலும், இன்னொரு போகியை வெறும் தண்டவாளத்திலும் வைத்துக் கையால் பிடித்துக்கொண்டு கன்ட்ரோலரைக் கொஞ்சம் திருப்புங்கள். வெறும் தண்டவாளத்தில் நிற்கிற போகி கரண்டை எடுக்கும், பேப்பர் மேல் நிற்கிற சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். பத்து விநாடியில் பேப்பரில் ரெண்டு கறுப்புக் கோடுகள் விழும். பேப்பரை நகர்த்தி வெள்ளை இடத்தில் மறுபடி. கோடு சாம்பல் நிறமாகி, பிறகு விழாமலே போகும் வரை செய்துவிட்டு எஞ்சினைத் திருப்பி வைத்து அடுத்த போகிக்கும் இதே வேலை. முதல் தடவை அந்தக் கறுப்பைப் பார்க்கும்போது கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம், சில எஞ்சின்களில் இழுவைக்காக ஒன்றிரண்டு சக்கரத்தில் ரப்பர் வளையம் இருக்கும். ஆல்கஹால் அதில் ஊறினால் ரப்பர் கெட்டுப்போகலாம், அந்தச் சக்கரங்களைக் காதுகுடையும் பட்ஸில் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள்.

பெட்டிகளின் சக்கரங்களையும் பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் சக்கரம் என்றால் சுற்றிலும் கறுப்பாகத் தடித்த ஒரு வளையம் இருக்கும், பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் பொருக்காக உரிந்து வரும். முடிந்தபோது ஒவ்வொன்றாக உலோகச் சக்கரத்துக்கு மாற்றுங்கள், அழுக்கு சேர்வது கண்கூடாகக் குறையும். எண்ணெய் விஷயத்தில் தாராளம் வேண்டாம். பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெயாக, ஊசிமுனையில் தொட்டு வைக்கிற அளவுதான். மிச்சம் எல்லாம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்கு இறங்கி அத்தனை தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது உப்புத்தாள். தேய்த்ததும் ரெண்டு நாள் ஓடியது, அப்புறம் ஏன் கெட்டது? அழுக்கை எடுத்தீர்கள், கூடவே தண்டவாளத்தில் ஆயிரம் கீறல் போட்டீர்கள். புது அழுக்கு உட்கார அந்தக் கீறல்கள் தோதான வாய்க்கால்கள், துணி போட்டுத் துடைத்தாலும் உள்ளே இருப்பது வராது. போதாததற்கு, உதிர்ந்த மணல் துகள் எஞ்சினின் பல்சக்கரத்துக்குள் போய்விட்டால் அரைத்தே தீர்த்துவிடும். சரி, நடந்தது நடந்துவிட்டது. 1000, அப்புறம் 2000 எண் கொண்ட நைசான தாளை ஒரு சின்ன மரத்துண்டில் சுற்றி நீளவாக்கில் இழுங்கள், பிறகு வழவழப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் அழுத்தித் தேய்த்து மெருகேற்றுங்கள். முடிந்ததும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு ஆல்கஹால் துணி. வாழ்நாளில் ஒரு தடவை செய்யும் வேலை இது, மாதாந்திர வேலை அல்ல. இரும்பு நார் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், அதன் இழைகள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் எஞ்சினுக்கே வேட்டு.

அடுத்து பாயிண்ட். பாயிண்ட்டின் நடுவில் ரெண்டு தண்டவாளம் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடத்தை ஃபிராக் என்கிறோம். பல பாயிண்ட்களில் அது பிளாஸ்டிக்கால் இருக்கும், கரண்ட் வராது. எட்டுச் சக்கரத்திலும் கரண்ட் எடுக்கிற நீள எஞ்சின் அதைத் தாண்டும்போது மற்ற சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். உங்கள் ஷன்டிங் எஞ்சினுக்கு நாலே சக்கரம் என்றால், ஒன்று ஃபிராக் மேல் ஏறியதும் அந்தப் பக்கத்துக்கு மிச்சம் ஒரே ஒரு சக்கரம், அதிலும் கொஞ்சம் அழுக்கு இருந்தால் கதை முடிந்தது. ஆகவே முதல் வைத்தியம் சக்கரத்தையும் அதன் முதுகில் உரசும் தகட்டையும் சுத்தமாக்குவது. எஞ்சினைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் தள்ளினாலும் தகடு தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ட்வீசரால் ஒரு மயிரிழை வளைத்து விடுங்கள்.

ஃபிராக்கில் நிற்காமல் அதற்கு முன்பே, நகரும் நாக்குப் பகுதியில் நிற்கிறது என்றால் வேறு விஷயம். அந்த நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தில் போய் ஒட்டிக்கொள்வதால்தான் பல பாயிண்ட்களில் கரண்ட் வருகிறது. எஞ்சின் நிற்கும்போது நாக்கை நகத்தால் அழுத்துங்கள், ஓடினால் இடுக்கில் அழுக்கு. ஆல்கஹால் தொட்ட ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்து நாக்கை மூடி உருவுங்கள். நாக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பாதைக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிற பாயிண்ட்களும் உண்டு, பக்கப்பாதையில் நிற்கிற எஞ்சின் அசையவில்லை என்று கவலைப்படாதீர்கள், அது கோளாறு அல்ல, அதன் குணம். எஞ்சின் நிற்பதோடு துள்ளவும் செய்தால் சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே அளந்து பாருங்கள், எச்ஓவில் 14.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால், அந்தப் பாயிண்ட்டை உலோக ஃபிராக் உள்ளதாக மாற்றி, பாயிண்ட்டோடு சேர்ந்து திரும்புகிற ஒரு சுவிட்ச் வழியாக ஃபிராக்குக்குக் கரண்ட் கொடுக்கலாம்.

எதிர் மூலை விஷயம் அழுக்கே அல்ல. மூன்று எஞ்சினும் ஒரே இடத்தில் சோர்கிறது என்றால் கரண்ட் அங்கே போய்ச் சேரவில்லை. தண்டவாளத் துண்டுகளைக் கோத்திருக்கும் ஜாயினர்கள் புதிதில் நன்றாகக் கடத்தும், நாளாக ஆகத் தளரும், உள்ளே கறுக்கும். நீங்கள் கன்ட்ரோலரில் இருந்து ஒரே ஜோடி ஒயர்தான் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அப்படியானால் அந்த மூலைக்குப் போவதற்குள் பத்துப் பதினைந்து ஜாயினர்களைத் தாண்ட வேண்டும். மல்டிமீட்டரில் அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே வோல்ட் காட்டுகிறதே என்பீர்கள். எஞ்சின் இல்லாமல் அளந்தால் அப்படித்தான் காட்டும், கரண்ட் ஓடினால்தான் வோல்ட் இறங்கும். 12 வோல்ட், 5 வாட் கார் பல்பு ஒன்றில் ரெண்டு ஒயர் கோத்து, எஞ்சினுக்குப் பதிலாக அதைத் தண்டவாளத்தில் தொட்டுப் பிடித்துக்கொண்டு அளங்கள். கன்ட்ரோலர் பக்கத்தில் ஒரு அளவு, எதிர் மூலையில் ஒரு அளவு. ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேலை இருக்கிறது.

என்ன வேலை என்றால், போர்டுக்கு அடியில் தடித்த ஒயர் ஒரு ஜோடியைச் சுற்றிலும் ஓடவிட்டு, அதில் இருந்து மெல்லிய ஒயர்களை மேலே எடுத்துத் தண்டவாளத்தில் சால்டர் செய்வது. முடிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும், இல்லாவிட்டால் ரெண்டு துண்டுக்கு ஒன்றாவது. உள் தண்டவாளத்துக்கு ஒரு நிறம், வெளித் தண்டவாளத்துக்கு ஒரு நிறம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது எல்லா ஒயரும் ஒன்று போலத்தான் தெரியும். சால்டர் வைக்கும் இடத்தைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் கத்தியால் சுரண்டி, கொஞ்சம் ரோசின் ஃபிளக்ஸ் தடவி, தண்டவாளத்திலும் ஒயர் நுனியிலும் தனித்தனியாக ஈயம் ஏற்றிய பிறகு ரெண்டையும் சேர்த்துச் சூடான முனையால் ரெண்டு விநாடி தொட்டால் போதும். ரெண்டு பக்கமும் ஈரப்பஞ்சு வைத்துக்கொண்டால் ஸ்லீப்பர் உருகாது. ஜாயினரையே சால்டர் செய்துவிடலாமே என்று தோன்றும், எல்லாவற்றையும் செய்யாதீர்கள். ஈரக் காலத்தில் மரப்பலகை ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும், தண்டவாளத்துக்கு நகர இடமில்லாவிட்டால் நெளிந்து நிற்கும்.

கன்ட்ரோலர் மேல் இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால், அதே பல்பைக் கன்ட்ரோலரின் முனையிலேயே நேரடியாக மாட்டிக் குமிழை மெதுவாகத் திருப்புங்கள். துடிக்காமல் படிப்படியாக வெளிச்சம் ஏறினால் அதற்கு ஒரு நோயும் இல்லை. அதற்கு ஒதுக்கிய காசில் ஒயரும் உலோகச் சக்கரமும் வாங்கிக்கொள்ளுங்கள்.