சித்திரமும் படிக்க வேண்டும், வரலாறு, தத்துவமும் வேண்டும்: மட்டக்களப்பில் இருந்துகொண்டு முடியுமா?

முடியும், ஆனால் ஒரே அனுமதியில் இரண்டும் கிடைக்கும் என்று இருக்காதீர்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் வந்தாறுமூலையிலுள்ள கலை கலாசார பீடமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான், என்றாலும் பாடநெறி வேறு வேறு.

என்னைக் கேட்டால் கல்லடிக்கே போங்கள். கரித்துண்டால் ஆளைப் பார்த்துக் கீறுவதும் களிமண்ணில் ஒரு கையைப் பிடித்தெடுப்பதும் பக்கத்தில் நின்று ஒருவர் திருத்தாமல் சரிவராது. வரலாற்றை வாசித்தும் பிடிக்கலாம், அப்புறம் வெளிவாரியாக ஒரு பி.ஏ.யும் செய்யலாம், அவசரமில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் விஞ்ஞானம் படித்தவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார், பிறகு நரம்பிசையைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். அவரிடம் யாரும் ‘ஏதாவது ஒன்றைப் படி’ என்று சொல்லவில்லை போலிருக்கிறது!