போப்பாண்டவரால் ஒரு பேரரசரைப் பதவிநீக்கம் செய்ய முடியுமா? செய்தாலும் அது செல்லுமா?

செய்திருக்கிறார்கள். செல்லுமா என்பதுதான் சுவாரசியமான பகுதி. இந்தக் கேள்வி வந்தாலே 1077இல் போப்பாண்டவரின் மன்னிப்பு வேண்டி, இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் ஜெர்மன் அரசர் நான்காம் ஹென்றி பனியில் நின்ற கதையை எடுத்துவிடுவார்கள். எனக்கென்னவோ 1245இல், இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்தான் பொருத்தமான பதிலாகத் தோன்றுகிறது.

எதிராளி பேரரசர் இரண்டாம் பிரடெரிக். வடக்கே ஜெர்மனி, தெற்கே சிசிலி, இரண்டும் அவர் கையில், நடுவில் ரோம். பகைக்கு வேர் அதுதான், மதக் குற்றச்சாட்டுகள் மேல்பூச்சு என்பது என் கருத்து. சிலுவைப்போருக்குப் புறப்படவில்லை என்று 1227இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி அவரைச் சபைவிலக்கு செய்தார், அதாவது திருச்சபையிலிருந்து ஒதுக்கிவைத்தார். விலக்கப்பட்டவராகவே போய், எகிப்து சுல்தான் அல்காமிலுடன் பேசியே 1229இல் எருசலேமைப் பெற்றுவிட்டார் மனிதர். அதற்கும் ரோமிடமிருந்து வசவுதான்!

1239இல் மறுபடி சபைவிலக்கு. அடுத்து ரோமில் சங்கம் கூட்ட கிரகோரி அழைப்பு விடுத்தார். சங்கம் கூடினால் தன் கதை முடிந்தது என்று பிரடெரிக்குக்குத் தெரியும். 1241 மே 3 அன்று, ஆயர்களை ஏற்றிவந்த ஜெனோவா நகரக் கப்பல்களை அவருடைய படையும், அவர் பக்கம் இருந்த பீசா நகரத்தாரும் இத்தாலியக் கரைக்கு அப்பால் ஜிலியோ தீவருகே மடக்கினார்கள். இரண்டு கர்தினால்களும் ஏராளமான ஆயர்களும் சிறைப்பட்டார்கள். சங்கம் கூடாமலே நின்றுபோனது. ஆனால் வினை அங்கேதான் ஆரம்பம்.

பின்னர் 1243இல் போப்பாண்டவரான நான்காம் இன்னசென்ட், ஜெனோவாக்காரர். 1244இல் சொந்த ஊர்க் கப்பலேறித் தப்பி, பிரடெரிக்கின் கைக்கு எட்டாத லியோனுக்குப் போய்ச் சங்கத்தைக் கூட்டினார். பேரரசருக்காக வாதாடிய சுவெசா ஊர் ததேயு, இதைவிடப் பெரிய சங்கத்திடம் மேல்முறையீடு செய்வதாகச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. ஜூலை 17 அன்று பதவிநீக்கத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. பொய்ச்சத்தியம், சமாதான மீறல், மதவிரோத ஐயம் ஆகியவற்றோடு, ஆயர்களைக் கடலில் பிடித்ததும் தெய்வநிந்தையாகக் குற்றப் பட்டியலில் ஏறியிருந்தது.

செய்தி கேட்ட பிரடெரிக், மகுடத்தைக் கொண்டுவரச் சொல்லித் தலையில் வைத்துக்கொண்டாராம். இங்கிலாந்துத் துறவி மத்தேயு பாரிஸ் எழுதிவைத்திருக்கிறார். வீம்புதான், ஆனால் வெறும் வீம்பு அல்ல. அரியணை அன்றே பறிபோய்விடவில்லை. போப்பாண்டவரிடம் இருந்த ஆயுதம் வேறு: பேரரசருக்கு விசுவாசமாக இருப்பதாகச் செய்த சத்தியம் இனிக் குடிமக்களைக் கட்டுப்படுத்தாது என்ற அறிவிப்பு. கலகம் செய்யக் காத்திருந்தவர்களுக்கு அது போதும். 1246இல் ஜெர்மன் பேராயர்கள் ஹென்றி ராஸ்பேயைப் போட்டி அரசராக்கினார்கள். அவர் இறந்ததும் ஹாலந்து வில்லியம். 1248இல் இத்தாலியின் பார்மா நகரைப் பிரடெரிக் முற்றுகையிட்டிருந்தபோது நகரத்தார் வெளியே பாய்ந்து பேரரசரின் முகாமைச் சூறையாடினார்கள். ததேயு உயிரிழந்தார், கஜானாவும் மகுடமும் போயின.

பிரடெரிக் 1250இல் இறக்கும்வரை தன்னைப் பேரரசர் என்றுதான் சொல்லிக்கொண்டார். வாரிசுகளையும் ரோம் விடவில்லை. போப்பாண்டவர்கள் அழைத்துவந்த பிரெஞ்சு மன்னரின் தம்பி அஞ்சூ சார்லஸ், 1268இல் நேப்பிள்ஸில் பிரடெரிக்கின் பேரன் கொன்ராடினின் தலையை வெட்டினார். அவனுக்குப் பதினாறு வயது.